தட்டில் பருப்பு எவ்வளவு?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியச் சிறுமியர் கபடி அணி ஈரானை வீழ்த்தித் தங்கம் வென்றது. அணியின் துணைத் தலைவர் கார்த்திகா, தென்சென்னைப் புறநகரில் உள்ள கண்ணகி நகரைச் சேர்ந்தவர். நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்துவதற்காக உருவான பகுதி அது. இப்படியொரு வெற்றி வந்தவுடன் அக்கம்பக்கத்துப் பெற்றோருக்கும் தம் பிள்ளையைக் களத்துக்கு அனுப்பும் ஆசை வருகிறது. கூடவே, பிள்ளைக்கு என்ன சாப்பிடக் கொடுப்பது என்ற கேள்வியும் வருகிறது.

இதற்கு இன்று இரண்டு பதில்கள் உரக்க ஒலிக்கின்றன. குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் ஜிம்களில் சொல்வது ஒன்று: தினமும் கோழிக்கறி, அரை டஜன் முட்டை, அதற்கு மேல் ஒரு டப்பா புரோட்டீன் பவுடர். செல்பேசித் திரையில் வருவது இன்னொன்று: இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீகனாக மாறினால் உடல் பறக்கும். இரண்டிலுமே உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால், தாம்பரத்துப் பிள்ளையின் தட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை இரண்டு தரப்பும் பார்க்கவில்லை.

ஹரியாணா சொல்லும் பாடம்

மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை 2014இல் நடத்திய கணக்கெடுப்பின்படி, ஹரியாணாவில் 15 வயதைத் தாண்டியவர்களில் 69 சதவீதம் பேர் சைவ உணவினர். தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 2.35 சதவீதம்தான். யோகேஷ்வர் தத், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா, ரவி தஹியா என ஒலிம்பிக் மல்யுத்தப் பதக்கங்களை வரிசையாக வென்று வந்தது ஹரியாணா. கறி தின்றால்தான் பலம் என்பது உண்மையானால், அந்தப் பதக்கங்களுக்கு விளக்கம் சொல்ல முடியாது. நூற்றில் 97 பேர் அசைவம் உண்ணும் தமிழ்நாடு மல்யுத்தத்தில் எங்கேயோ இருந்திருக்க வேண்டும்.

அதற்காக ஹரியாணாவைக் காட்டி வீகன் உணவுக்கு வக்காலத்து வாங்கவும் முடியாது. நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு கிலோவுக்கும் மேல் பால் கிடைக்கும் மாநிலம் அது. ரவி தஹியாவின் தந்தை நாஹ்ரி கிராமத்திலிருந்து டெல்லி சத்ரசால் மைதானத்துக்குப் பாலும் பழமும் சுமந்துபோன கதை ஊரறிந்தது. அதே ஹரியாணாவின் நீரஜ் சோப்ரா சைவ உணவில் வளர்ந்து, பிற்பாடு அசைவத்துக்கு மாறியவர். ஆக, ஹரியாணாவில் கறியின் இடத்தில் காய்கறி மட்டும் உட்காரவில்லை. பாலும் தயிரும் நெய்யும் சேர்ந்து உட்கார்ந்தன.

ஆய்வுகள் காட்டுவது

உலக அளவிலும் சான்றுகள் உண்டு. கார்ல் லூயிஸ் 1991இல் டோக்கியோவில் 100 மீட்டரை 9.86 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது வீகன் உணவில் இருந்தார். அமெரிக்காவின் ஸ்காட் ஜூரெக் 160 கிலோமீட்டர் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில் 1999 முதல் தொடர்ந்து ஏழு முறை முதலிடம் பிடித்தார், அவரும் வீகன். நெடுந்தூர ஓட்டத்தை ஆளும் கென்யர்களின் அன்றாடச் சாப்பாடு உகாலி. நம்மூர்க் களியை மக்காச்சோள மாவில் கிண்டியதுபோல இருக்கும் அதனுடன் கீரை, பீன்ஸ், பால் சேர்த்து உண்பார்கள். இறைச்சி கொஞ்சம்தான்.

சாதனையாளர்களின் பட்டியலை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. அசைவம் உண்ணும் சாதனையாளர்களின் பட்டியல் இதைவிட நீளம். ஒரே அளவு பயிற்சியும் ஒரே அளவு புரதமும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகள்தான் உதவும். பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 19 வீகன் இளைஞர்களையும் 19 அசைவ இளைஞர்களையும் 12 வாரம் எடைப் பயிற்சியில் ஈடுபடுத்தினார்கள். இரு தரப்புக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம். ஒரு தரப்புக்குச் சோயா, மறு தரப்புக்குப் பால் புரதம் கூடுதலாகத் தரப்பட்டன. 2021இல் வெளியான முடிவின்படி, தசை வளர்ச்சியிலும் பலத்திலும் வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஓட்டக்காரர்கள், எடை தூக்குபவர்கள் என 24 பேரிடம் வெவ்வேறு உணவுமுறைகளைச் சோதித்தபோதும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இவை சிறிய ஆய்வுகள். பங்கேற்றவர்கள் உச்சநிலை வீரர்களும் அல்லர். என்றாலும் திசை தெளிவு: புரதம் போதிய அளவு போனால், அது செடியிலிருந்து வந்ததா, கோழியிலிருந்து வந்ததா என்று தசை பேதம் பார்ப்பதில்லை.

இந்த வாக்கியத்தில் கனமான சொல் ‘போதிய அளவு’ என்பதுதான். நம் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சோற்றுத் தட்டின் கணக்கு

60 கிலோ எடையுள்ள கபடி வீராங்கனையை எடுத்துக்கொள்வோம். விளையாட்டில் ஈடுபடாதவருக்கே கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதாவது, நாளுக்கு 50 கிராம். கடும் பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 2 கிராம்வரை தேவைப்படும். மேலே சொன்ன 1.6 கிராம் என்று வைத்தால் 96 கிராம். காலையில் நாலு இட்லி, மதியம் சோறு, சாம்பார், பொரியல், மாலையில் டீயும் பிஸ்கட்டும், இரவு தோசை. புறநகரின் எத்தனையோ வீடுகளில் வாரநாள் சாப்பாடு இதுதான். தாராளமாகக் கணக்கிட்டாலும் புரதம் 45 கிராமைத் தாண்டாது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு அந்த ஒரு நாளின் கணக்கைத்தான் உயர்த்தும்.

கணக்கெடுப்பில் அசைவர் என்று பதிவாகும் நாம், தட்டின் அளவில் ஏற்கெனவே தாவர உணவினர். அந்தத் தாவரத்தின் பெயர் அரிசி. ஐசிஎம்ஆரும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2025இல் இதைத்தான் சொன்னது: இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, 12 சதவீதம்தான் புரதம். மாவுச்சத்தில் சிறு பங்கைப் பருப்பு, பால் புரதங்களால் ஈடுசெய்தால் நீரிழிவு அபாயம் குறையும் என்றும் அந்த ஆய்வு கணித்தது. களத்தில் ஓடும் பிள்ளைக்கும் வீட்டில் சர்க்கரைக்கு மாத்திரை போடும் தகப்பனுக்கும் மருந்து ஒன்றே என்றாகிறது.

இறைச்சி இல்லாமல் 96 கிராமை எட்ட முடியுமா? முடியும். 50 கிராம் மீல்மேக்கரில் (சோயா உருண்டை) 26 கிராம், சமைக்குமுன் 100 கிராம் எடையுள்ள பருப்பிலும் சுண்டலிலும் 22, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 12, அரை லிட்டர் பால் அல்லது தயிரில் 16, அரிசி, கேழ்வரகு என 300 கிராம் தானியத்தில் 22. கூட்டினால் 98 கிராம். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உண்டு. பால்கூட வேண்டாம் என்கிறவர் மீல்மேக்கரை 80 கிராமாக்கினால் எண்ணிக்கை ஒத்துவரும். ஆனால், இவ்வளவு நார்ச்சத்து போனால் வயிறு உப்பும். பயிற்சிக்கு முன்பு வாழைப்பழம், முடிந்தபிறகு சுண்டல் என்று நேரம் பார்த்து உண்ணப் பழக வேண்டும்.

புரோட்டீன் பவுடரை வைத்து இந்தக் கணக்கைச் சரிக்கட்டலாம் என்பவர்கள் கேரளத்தின் ராஜகிரி மருத்துவமனை மருத்துவர்கள் முன்னின்று நடத்தி, 2024இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் 36 பொருள்களைச் சோதித்ததில் சுமார் 70 சதவீதத்தில், டப்பாவில் அச்சிட்ட புரத அளவு உண்மையில் இல்லை.

தாவரம் தராதவை

இரும்புச்சத்திலிருந்து தொடங்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அசைவ மாநிலம் என்ற பெயர் அவர்களைக் காப்பாற்றவில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போதிய ஆக்சிஜன் போகாது. பயிற்சியாளர் ‘ஸ்டாமினா இல்லை’ என்று ஒதுக்கும் பெண்களில் பலருக்கு உண்மையில் இல்லாதது இரும்புச்சத்தாக இருக்கலாம். பயறு, கீரையில் உள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சாது. சுண்டலில் எலுமிச்சை பிழிவதும், சாப்பிட்டவுடன் டீ, காபி குடிக்காமல் இருப்பதும் உதவும். முளைகட்டுவது, மாவைப் புளிக்க வைப்பது போன்ற பழைய சமையல் முறைகளும் உறிஞ்சுதலைக் கூட்டும்.

பி12 வைட்டமினுக்கு இப்படிச் சமையலறை வழி இல்லை. அதற்கு நம்பத்தக்க தாவர மூலம் கிடையாது. வீகன் உணவில் இருப்பவர் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். கால்சியத்துக்குக் கேழ்வரகு உண்டு என்றாலும், பிரிட்டனின் எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2020இல் வீகன்களுக்கு எலும்பு முறிவு அபாயம் கூடுதல் என்று கண்டது. இறைச்சி, மீனில் மட்டுமே கணிசமாக உள்ள கிரியேட்டின், குறுகிய நேர வெடிப்பு ஆற்றலுக்கு உதவுவது. 30 விநாடி ரெய்டு போகும் கபடிக்கு அது முக்கியம். தாவர உணவினரின் தசையில் அதன் இருப்பு குறைவு. விலங்குச் சேர்க்கை இல்லாமல் தயாரித்த கிரியேட்டின் கடையில் கிடைக்கிறது. ஆனால், பள்ளிப் பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

இந்தக் குறைகளை ஒரு முட்டையும் ஒரு பிடி நெத்திலிக் கருவாடும் மலிவாகவே ஓரளவு ஈடுசெய்கின்றன. வசதியுள்ளவரின் வீகன் உணவு மாத்திரையோடும் ரத்தப் பரிசோதனையோடும் வருவது. வசதியில்லாதவரிடம் போய் ‘முட்டையை விடு’ என்று சொல்வது அறிவுரையாகாது. ‘சைவக் குடும்பங்களுக்கு மட்டும்’ என்று வாடகை விளம்பரம் வரும் ஊரில், அசைவம் உண்பதை இழிவாகப் பார்த்த வரலாறும் அந்த அறிவுரையோடு சேர்ந்தே காதில் விழும். உடற்தகுதிக்கான யோசனையை ஒழுக்கப் பாடமாக மாற்றாமல் இருப்பது நல்லது.

அரசு செய்ய வேண்டியது

நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி இலவசம். 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பு ஒரே கிலோ. தலைக்கு நாளொன்றுக்கு 167 கிராம் அரிசி, 8 கிராம் பருப்பு. பசியை ஒழித்ததில் இந்தத் திட்டத்தின் பங்கு பெரியது. ஆனால், இருபதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் விளையாட்டு வீரர் உருவாக மாட்டார். மாதம் இன்னொரு கிலோ கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ சேர்ப்பதற்குச் செலவாகும் என்பது உண்மைதான். எல்லா அட்டைகளுக்கும் உடனே முடியாவிட்டால், பதிவுபெற்ற பயிற்சி மையங்களில் சேர்ந்த பிள்ளைகளின் குடும்பங்களிலிருந்து தொடங்கலாம்.

சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, 2010இல் வாரத்துக்கு ஐந்தானது. நாடு முழுவதும் முன்னுதாரணமாகப் பேசப்படும் ஏற்பாடு இது. ஆனால், முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு அங்கே கிடைப்பது வாழைப்பழம். முட்டையில் 6 கிராம் புரதம், பழத்தில் ஒரு கிராம். சைவப் பிள்ளைக்குச் சமமான மாற்று ஒரு கிண்ணம் சுண்டல்தான். இந்தத் திருத்தத்துக்குப் பெரிய செலவுகூடத் தேவையில்லை.

2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி, தன் எல்லையில் மாலைநேரப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குச் சுண்டலும் வேர்க்கடலையும் தருவதில் முன்மாதிரியாகலாம். மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், உள்ளூர்ப் பொருள்களை வைத்துச் சைவம், அசைவம் இரண்டுக்கும் புரத அளவு குறித்த உணவுப் பட்டியலைத் தயாரித்துக் கொடுக்கலாம். அரசு விளையாட்டு விடுதிகளின் மெஸ்களில் அந்தப் பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். ஆண்டுக்கு இரு முறை ஹீமோகுளோபின், பி12 பரிசோதனையும் வேண்டும்.

தாவர உணவு விளையாட்டைத் தாங்குமா என்ற கேள்விக்கு, அளவறிந்து உண்டால் தாங்கும் என்று அறிவியல் பதில் சொல்லிவிட்டது. அந்த அளவைக் கண்ணகி நகர் போன்ற பகுதிகளில் எட்ட வைப்பது அரசின் வேலை. புரதம் தட்டுக்கு வந்துசேரட்டும். அது கோழியா, கொண்டைக்கடலையா என்பதை அந்தப் பிள்ளையும் அதன் வீடும் முடிவு செய்துகொள்ளும்.