வரைபடத்தின் மேல் வில்லைகள்
அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இருந்த ஃபெர்னால்ட், 1989 வரை அணு ஆயுதங்களுக்காக யுரேனியம் பதப்படுத்திய அரசு ஆலை. ஆலையின் முழுப் பெயரில் ‘ஃபீட்’ (தீவனம்) என்ற சொல் இருந்ததால், அங்கே கால்நடைத் தீவனம் தயாராவதாகவே அக்கம்பக்கத்தார் பலர் நம்பியிருந்தனர். கிணற்று நீரில் யுரேனியம் கலந்தது பின்னர்தான் தெரிந்தது. அப்படி இருட்டில் வைக்கப்பட்ட மக்களையே சேர்த்து, துப்புரவு பற்றி ஆலோசனை சொல்ல 1993-இல் குடிமக்கள் குழு அமைக்கப்பட்டது. குழுவினர் ஆலையின் வரைபடத்தை மேசையில் விரித்து, நச்சு மண்ணின் அளவைக் குறிக்கும் வில்லைகளை அடுக்கிப் பார்த்தார்கள். அத்தனையையும் வெளியூருக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அப்போது கண்ணுக்கே தெரிந்தது. கொடிய கழிவு மட்டும் வெளியேறட்டும், மற்றது இங்கேயே பாதுகாப்பாகப் புதையட்டும் என்று அவர்களே சொன்னார்கள். அதிகாரிகள் சொல்லியிருந்தால் ஊர் ஏற்றிருக்காது. நிலத்தடி நீரைத் தவிர மற்ற துப்புரவு 2006-இல் முடிந்தது; இன்று அங்கே ஈரநிலங்களும் நடைபாதைகளும் இருக்கின்றன.