பழவேற்காடு போறீங்களா? படகில் கால் வைக்கும் முன் ஒரு நிமிஷம்!

அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், காணும் பொங்கல் என்று வரிசையாக விடுமுறை வந்தால், சென்னைவாசிகளின் ஒருநாள் ட்ரிப் பட்டியலில் பழவேற்காடும் வந்துவிடும். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பினால் பூநாரைகளைப் பார்க்கலாம், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தில் போட்டோ எடுக்கலாம், நண்டும் இறாலும் ஒரு பிடி பிடித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

எல்லாம் சரி. ஏரிக்கரையில் நிற்கும்போது குழந்தைகள் ஒன்று கேட்பார்கள்: "அப்பா, போட்ல போலாமா?" அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

அந்த கிறிஸ்துமஸ் நாள்

2011 டிசம்பர் 25. பழவேற்காட்டுக்கு வந்த ஒரு கூட்டம் மீன்பிடிப் படகு ஒன்றில் ஏறியது. குழந்தைகளையும் சேர்த்து மொத்தம் 25 பேர். யாரிடமும் லைஃப் ஜாக்கெட் இல்லை. படகு கவிழ்ந்ததில் 22 பேர் இறந்துபோனார்கள்.

அதன் பிறகு இங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்ற அதிகாரிகள் தடை விதித்தார்கள். தடையை மீறிச் சவாரி நடப்பதாகச் செய்திகளும் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன. கரையில் யாராவது "வாங்க சார், ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று கூப்பிட்டால், அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஏறாதீர்கள்.

'இடுப்பளவு தண்ணிதானே?'

பலரை ஏமாற்றுவது இந்த நினைப்புதான். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பரப்பு பெரிதென்றாலும் பெரும்பாலான இடங்களில் ஆழம் குறைவு. மீனவர்கள் தண்ணீரில் நின்றபடி வலை இழுப்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

ஆனால், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் வேறு கதை. கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே பாயும், வற்றும்போது வெளியே இழுக்கும். வெளியே ஓடும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும். மணல்திட்டும் ஒரே இடத்தில் இருக்காது. போன மாதம் படகு போன வழி இந்த மாதம் அடைபட்டிருக்கலாம். கடலிலேயே பிழைப்பு நடத்தும் மீனவர்களின் படகுகளே இங்கே கவிழ்ந்திருக்கின்றன. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்று அவர்கள் பல வருடங்களாகக் கேட்டு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆழம் குறைந்த இடத்திலும் அடியில் சேறு உண்டு. கால் புதைந்தால் நீச்சல் தெரிந்தவரே தடுமாறுவார்.

வலைக்குக் கட்டிய படகு

மீன்பிடிப் படகில் பாரம் எங்கே இருக்கும்? வலை, மீன், ஐஸ் எல்லாம் அடியில் கிடக்கும். அந்தப் பாரம் எழுந்து நிற்காது, செல்ஃபி எடுக்காது. மனிதர்கள் ஏறினால் பாரம் மேலே போய்விடுகிறது, போதாததற்கு நகரவும் செய்கிறது. "அதோ பூநாரை!" என்று பத்துப் பேர் ஒரே பக்கம் சாய்ந்தால் போதும்.

2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகக் கூடியது அன்று பெரிதாகப் பேசப்பட்டது. 2023 மே 7-ல் கேரளாவின் தானூரில் 22 பேர் இறந்த விபத்தில் சிக்கியது, மீன்பிடிப் படகைச் சுற்றுலாவுக்காக மாற்றிக் கட்டிய படகு. அதில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். நேரமோ இருட்டும் வேளை.

ஏறும் முன் ஐந்து விஷயங்கள்

படகில் போயே தீர வேண்டும் என்றால் முட்டுக்காடு, பிச்சாவரம், ஊட்டி போன்ற இடங்களில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறைகள் இருக்கின்றன. எங்கே போனாலும் இவற்றைப் பாருங்கள்:

1. எத்தனை பேர்? படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா? மடியில் உட்காரும் குழந்தையும் ஒரு ஆள்தான்.

2. லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் உண்டா? படகின் மூலையில் குவித்து வைத்திருப்பது கணக்கில் வராது, போட்டிருக்க வேண்டும். 2024 ஜனவரி 18-ல் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அந்தப் படகில் பல பிள்ளைகள் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை.

3. அளவு சரியா? எல்லா பக்கிளையும் மாட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிய சைஸ். பெரியவர்களின் ஜாக்கெட் குழந்தைகளுக்கு ஆகாது, தண்ணீரில் உருவிக்கொண்டு போய்விடும்.

4. மணி என்ன? இருட்டுவதற்கு முன் கரை சேர முடியாது என்றால் கிளம்பவே வேண்டாம்.

5. படகோட்டி நிதானமாக இருக்கிறாரா? குடித்திருக்கிறார் என்று சந்தேகம் வந்தாலே இறங்கிவிடுங்கள். உங்கள் கூட்டத்தில் யாராவது குடித்திருந்தால் அவரையும் ஏற்றாதீர்கள்.

ஏறிய பிறகு ஒரே விதிதான்: உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

உள்ளூர்க்காரர் 'வேணாம்' என்றால் வேணாம்

2024 பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாடப் போன ரஷ்யர் ஒருவர் பனிச்சரிவில் இறந்தார். அவருடைய குழு உள்ளூர்க்காரர் யாரையும் துணைக்கு அழைத்துச் செல்லவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். பனிமலையானாலும் ஏரியானாலும், அன்றைய நிலவரம் அங்கேயே வாழ்கிறவருக்குத்தான் தெரியும்.

கோட்டைக்குப்பத்திலோ லைட்ஹவுஸ் குப்பத்திலோ படகுகள் கடலுக்குப் போகாமல் கரையேறி நிற்கின்றனவா? அதைவிடப் பெரிய எச்சரிக்கைப் பலகை வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்களையே கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்வார்கள். ராக்கெட் பார்க்கப் போகிறவர்கள் கரையிலிருந்தே பாருங்கள், அழகாகவே தெரியும்.

ஒருவேளை கவிழ்ந்துவிட்டால்...

ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். படகு மிதந்தால் அதையே பிடித்துக்கொண்டிருங்கள். கரை பக்கத்தில் தெரிந்தாலும், இழுப்பு உள்ள இடத்தில் நீந்திப் போவது ஆபத்து.

கரையில் நிற்பவர்கள் அவசரப்பட்டுக் குதிக்க வேண்டாம். கயிறு, காலி தண்ணீர் கேன், மூங்கில் கழி என்று எது கிடைத்தாலும் நீட்டுங்கள், வீசுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554, ஆம்புலன்ஸுக்கு 108. இந்த எண்களைக் கிளம்பும் முன்பே போனில் பதிந்து வையுங்கள்.

மூழ்கியவரைக் கரை சேர்த்ததும் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதி, நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். வீட்டில் ஒருவராவது இதைப் பழகி வைத்திருப்பது நல்லது.

மீனவர் பக்கமும் இருக்கு!

இதைப் படித்துவிட்டுப் படகுக்காரர்கள் மேல் கோபப்படாதீர்கள். மீன் குறைந்த நாட்களில் ஒரு சவாரிக் காசு அந்த வீட்டுக்குப் பெரிய உதவி. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதைக்கூட 'பாடு' முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஊர்கள் இவை. விதிகளோடு வாழ்வது அவர்களுக்குப் புதிதல்ல. முறையான துறையும், பயிற்சியும், ஜாக்கெட்டும் கிடைத்தால் ஏரியை அவர்களைவிட நன்றாக யாரும் சுற்றிக் காட்ட முடியாது.

அதுவரை, "இன்னும் ரெண்டு பேர்தானே, ஏத்திக்கங்க அண்ணே" என்று நாம் கெஞ்சாமல் இருந்தாலே பெரிய உதவி. இடம் இல்லை என்று ஒரு படகோட்டி சொன்னால் அவருக்கு நன்றி சொல்லுங்கள். அந்தக் காசுக்குக் கரையில் நண்டு வாங்கினால், அதுவும் ஒரு மீனவர் வீட்டுக்குத்தான் போகும்!

இந்த லீவுக்கு உங்கள் ஃபேமிலி குரூப்பில் ட்ரிப் பிளான் ஓடிக்கொண்டிருக்கிறதா? இதையும் அங்கே ஒரு முறை ஷேர் பண்ணிவிடுங்கள். பத்திரமாகப் போய்ட்டு வாங்க!