பிள்ளைத்தாய்ச்சி உடம்பில் காவல் தூங்குகிறதா?

எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் புளியும் சாமையும் கொண்டுவந்து கொடுக்கும் மலைக்காரப் பெரியம்மா, போன வாரம் மருமகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் அவர்கள் ஊர். பஸ் மலை இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சி வந்து சேருவதற்குள் அந்தப் பெண் இரண்டு தடவை வாந்தி எடுத்து முகமெல்லாம் வாடிப் போயிருந்தாள். ஐந்தாவது மாதம், தலைச்சன். ஸ்கேன் பார்க்க வந்தவர்கள். மோர் கொடுத்து உட்கார வைத்தேன்.

அவள் கையில் இருந்த கர்ப்பிணி அட்டையை வாங்கிப் பார்த்தேன். ரண ஜன்னி தடுப்பு ஊசி ஒன்று போட்டிருந்தது. இரண்டாவதற்கான கட்டம் காலி. “ஏம்மா, இன்னொண்ணு போட்டுக்கலையா?” என்றேன். அவள் மாமியாரைப் பார்த்தாள்.

“அது எதுக்கும்மா?” என்றார் பெரியம்மா. “வயித்துல புள்ள இருக்கறப்ப உடம்புல சக்தியே இருக்காது. இருக்கறதெல்லாம் புள்ளைக்குப் போயிடுது. மொத ஊசிக்கே கை வீங்கி ரெண்டு நாள் காய்ச்சல். இன்னொண்ணு தாங்குமா?”

பெரியம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, சகோதரிகளே. மாடி வீட்டில் டிகிரி படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். கர்ப்பமானால் எதிர்ப்பு சக்தி செத்துவிடுமாம். ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகளுக்கே இதில் குழப்பம் இருந்தது. ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவருக்கு வைத்தால், ‘இது என்னுடையது இல்லை’ என்று உடம்பு தள்ளப் பார்க்கிறது. வயிற்றில் வளரும் குழந்தையோ பாதி அப்பாவின் சொத்து. அதை மட்டும் அம்மாவின் உடம்பு பத்து மாதம் எப்படித் தாங்குகிறது? 1953-ல் இங்கிலாந்தில் பீட்டர் மெடவார் என்பவர் இந்தக் கேள்வியை எழுப்பினார். 1960-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவர் சொன்ன சாத்தியங்களில் ஒன்று, தாயின் எதிர்ப்பு சக்தி அப்போது மந்தமாகிவிடுகிறதோ என்பது. பிறகு வந்த ஆராய்ச்சிகள் அப்படி இல்லை என்று காட்டிவிட்டன.

கல்யாண வீட்டு வாசலில் தாய்மாமன் நிற்பாரே, அதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தி வீட்டாரைக் கும்பிட்டு உள்ளே அனுப்புவார். செருப்புத் திருடன் வந்தால் பிடித்துவிடுவார். சம்பந்தி வருகிறார்கள் என்று அவர் படுத்துத் தூங்கிவிடுவதில்லை. கர்ப்பப்பையின் உள்வரியில் முதல் மூன்று மாதம் இருக்கும் வெள்ளை அணுக்களில் பத்துக்கு ஏழு, ‘இயற்கைக் கொல்லி அணுக்கள்’ என்ற வகை. பேரைக் கேட்டால் குலை நடுங்குகிறது! ஆனால் அவை அங்கே கொல்வதில்லை. குழந்தைக்குத் தாராளமாக ரத்தம் பாய, தாயின் ரத்தக் குழாய்களை அகலப்படுத்தக் கைகொடுக்கின்றன. நம் ஊர்க் கணக்கில் வாய்க்கால் வெட்டும் வேலை. இது சரியாக நடக்காத போதுதான் சில பேருக்குப் பின் மாதங்களில் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்கிறார்கள். நஞ்சுக்கொடியின் ஓரத்தில் உள்ள அணுக்களும் கெட்டிக்காரத்தனம் செய்கின்றன. அப்பாவின் அடையாளத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொள்ளாமல், ‘நான் நம்ம ஆள்தான்’ என்ற ஒரு தனி அடையாளத்தை முன்னால் நீட்டுகின்றன. போதாததற்கு, சண்டை மூளாமல் சமாதானம் செய்து வைக்கும் அணுக்களும் தாயின் ரத்தத்தில் கூடுகின்றன.

இப்படி வளைந்து கொடுப்பதில் சில இடங்களில் நமக்குக் கஷ்டமும் உண்டு, மறைக்கக் கூடாது. ஃப்ளூ காய்ச்சல் பிள்ளைத்தாய்ச்சியை மற்றவர்களை விடக் கடுமையாகத் தாக்கும். 1918-லும் பார்த்தார்கள், 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோதும் பார்த்தார்கள். வயிறு மேலே தள்ளி நுரையீரலுக்கு இடம் குறைவதும் அதற்கு ஒரு காரணம். அதைவிட நம் பக்கத்துக்குப் பயப்பட வேண்டியது, கெட்ட தண்ணீரால் வரும் ‘ஈ’ வகை மஞ்சள் காமாலை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு வந்தால் நூறில் 20 முதல் 25 பேர் வரை இறந்துவிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரமில்லை அது.

ஆனாலும் காவல் தூங்கவில்லை. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

என் ரத்தம் ஓ நெகடிவ். வீட்டுக்காரருக்கு ஓ பாசிடிவ். மூத்த மகள் நல்லபடியாகப் பிறந்தாள், அவள் ரத்தமும் பாசிடிவ். பிரசவ நேரத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிடும். நெகடிவ் தாயின் உடம்பு அந்தப் பாசிடிவ் அணுவை அந்நியன் என்று அடையாளம் கண்டு, எதிர்ப்புப் பொருள் செய்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அடுத்ததுதான் அகப்படுகிறது. இதைத் தடுக்க, பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி என்று ஓர் ஊசி. தாயின் உடம்பு பாடம் படிப்பதற்கு முன்பே, கலந்த அணுக்களை அது துடைத்து எடுத்துவிடும். உலகத்தில் 1968-லிருந்து புழக்கத்தில் இருக்கும் ஊசி. எனக்கு அதை ஒருவரும் போடவில்லை. எந்த இடம் என்பது வேண்டாம், விடுங்கள். 2004-ல் இரண்டாவது பிள்ளை எட்டாம் மாதம் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோனான். ஆண் குழந்தை.

கண் திருஷ்டி என்றார்கள். நான் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கவில்லை என்றார்கள். பிறகு சேலத்தில் ஒரு டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். “அப்போ என் உடம்பே என் பிள்ளையைக் கொன்னுடுச்சா டாக்டர்?” என்று கேட்டேன். “உன் உடம்பு அதன் வேலையைச் செய்தது. வேலையைச் செய்யாதவர்கள் மற்றவர்கள்” என்றார். அந்த வார்த்தையில்தான் நான் எழுந்து நடமாட ஆரம்பித்தேன். எங்களுக்கு மகள் ஒருத்தியோடு நின்றது.

நம் நாட்டில் நூறில் ஐந்து பேர் அளவுக்கு நெகடிவ். நீங்கள் நெகடிவ், கணவர் பாசிடிவ் என்றால் டாக்டரிடம் நீங்களாகவே வாயைத் திறந்து கேளுங்கள். ஏழாம் மாதம், அதாவது 28-வது வாரத்தில் ஒன்று போடுவார்கள். பிறந்த குழந்தை பாசிடிவ் என்றால் 72 மணிக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் இதைக் கேட்க வேண்டும். ‘குழந்தைதான் இல்லையே’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

என் பிள்ளையை எந்த வாசல் வழியாக அந்த எதிர்ப்புப் பொருள் போய் அடைந்ததோ, அதே வாசல் வழியாகத்தான் நல்லதும் போகிறது. தாய் வாழ்நாளெல்லாம் பட்ட நோய்களும் போட்ட ஊசிகளும் சேர்த்து வைத்த எதிர்ப்புப் பொருளை, நஞ்சுக்கொடி கை நீட்டி வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கிறது. நாலாம் மாதம் போல் ஆரம்பித்துக் கடைசி நாலு வாரத்தில்தான் மும்முரம். குறை மாதக் குழந்தைக்கு நோய் எளிதாக ஒட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். பிறந்த பிறகு இந்தச் சீதனம் சில மாதங்கள் வரை காக்கும். தட்டம்மை ஊசியை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப் போடுவதும் இதனால்தான். அம்மா கொடுத்தது தீராமல் இருந்தால் ஊசி சரியாகப் பிடிக்காது.

ரண ஜன்னி ஊசியும் இந்த வழிதான். அழுக்குக் கத்தியால் தொப்புள் கொடி அறுத்தால் அந்தக் கிருமி ஏறும். இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை ஒரு வாரத்துக்குள் தாடை இறுகி, வில்லாக வளைந்து போய்விடும். 1988-ல் மட்டும் உலகத்தில் 7,87,000 பச்சைக் குழந்தைகள் இப்படி இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் நாட்டில் இது பொதுச் சுகாதாரப் பிரச்னையாக இல்லாத அளவுக்கு ஒழிந்துவிட்டது என்று 2015-ல் அறிவித்தார்கள். சுத்தமான பிரசவமும், நாலு வார இடைவெளியில் தாய்க்குப் போட்ட இந்த இரண்டு ஊசிகளும் செய்த வேலை அது. இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்தே டி.டி. என்று போடுகிறார்கள். எல்லா ஊசியும் ஆகும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ரூபெல்லா, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளைக் கர்ப்பத்தில் போட மாட்டார்கள்.

“கை வீங்குச்சுன்னு சொன்னீங்களே பெரியம்மா, அதுவே உள்ள காவல்காரன் முழிச்சிருக்கான்னு அர்த்தம்” என்றேன். அவர் நம்பிய மாதிரித் தெரியவில்லை. சட்டென்று ஞாபகம் வந்து, “உங்க பசு கன்னு போட்டா சீம்பாலை என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“மொதல்ல கன்னுக்குத்தான் ஊட்டுவோம். மிச்சம் இருந்தா திரட்டு கிண்டுவோம். ஊட்டலைன்னா கன்னு தங்காதே!”

“ஏன் தங்காது?”

அவருக்குக் காரணம் தெரியாது, அனுபவம் தெரியும். பசுவின் நஞ்சுக்கொடி எதிர்ப்புப் பொருளைக் கன்றுக்குக் கடத்தாது. கன்று வெறுங்கையோடுதான் பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். மனுஷக் குழந்தை வயிற்றிலேயே பாதி சீதனம் வாங்கிக்கொண்டு வருகிறது. மீதி நம் சீம்பாலில். அது குழந்தையின் குடலில் பூசினாற்போல் படிந்து கிருமியை ஒட்டவிடாமல் செய்கிறது. மஞ்சளாக, பிசுபிசுவென்று இருக்கிறது என்று அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. மூன்று பிரசவத்திலும் அவர் அதைக் கொட்டியவர் என்று பிறகு சொன்னார். “மாட்டுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல பாரு” என்று மருமகளிடம் சொல்லிச் சிரித்தார்.

அட்டையில் ரத்த வகை எழுதியிருக்கிறதா என்று நான் முதலிலேயே பார்த்துவிட்டேன். அதை மட்டும் யார் அட்டையாக இருந்தாலும் பார்த்துவிடுவேன். பி பாசிடிவ். என்னையறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது.

சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன் இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டார்கள். வழியனுப்பப் போனபோது பெரியம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “இவளுக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னா இந்த வருஷம் சாமை கிடையாது, சொல்லிட்டேன்!” என்றார்.

மூன்று நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். கை லேசாக வலித்ததாம், காய்ச்சல் இல்லையாம். சாமை தைக்கு வருகிறது.