புலி தெரியலன்னா யாத்திரை வீணா? ஆலயத் தொண்டர்களின் மனசுல பட்டது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க, கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படிங்க.

போன பள்ளி விடுமுறையில நம்ம சுங்கை பினாங் ஆலயத்திலிருந்து 22 பேர் பண்ணாரி அம்மன் யாத்திரை போய் வந்தோம். தரிசனம் நல்லபடியா முடிஞ்சது, அதுல யாருக்கும் குறை இல்லை. குறை எல்லாம் அடுத்த ரெண்டு நாளைப் பத்திதான். மலை ஏறி கர்நாடகாப் பக்கம் பிளிகிரிரங்கன் மலைக்குப் போய், ரங்கநாதரைக் கும்பிட்டுட்டு, கே.குடி காட்டுல ஜீப் சவாரி போனோம். புலி வரல. அன்னையிலிருந்து வாட்ஸ்அப் குரூப்புல ஒரே பேச்சு. "காசு வீணாப் போச்சு", "அடுத்த தடவை பந்திப்பூர் இல்ல கபினி போவோம், அங்கதான் புலி கட்டாயம் தெரியும்". அடுத்த மாசக் கூட்டத்துல இதை முடிவு பண்ணப் போறாங்க. அதுக்கு முன்னால எங்க கருத்தைச் சொல்லிடுறோம்.

முதல்ல எங்க தப்பை ஒத்துக்கிறோம். யாத்திரை நோட்டீசுல பெருசா புலிப் படம் போட்டது நாங்கதான். முட்டி வலியோட வந்த அம்மாமார், ஓவர்டைம் செஞ்சு காசு சேர்த்த தம்பிமார், எல்லாரும் அந்தப் படத்தை நம்பித்தான் பேர் கொடுத்தாங்க. அந்த ஏமாற்றம் நியாயம். மன்னிச்சிடுங்க. இனிமே நோட்டீசுல புலி வராது.

ஆனா கே.குடியை விட்டுட்டுக் கூட்டம் சேர்ற இடத்துக்குப் போகணும்னு சொல்றதை எங்களால ஏத்துக்க முடியல.

போன வழியை நினைச்சுப் பாருங்க. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவு. அது முழுக்க சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், 2013இல அறிவிச்சது. ஒரு காலத்துல வீரப்பன் காடுன்னு பேரு. இன்னைக்கு அதே காட்டுல புலிகள் பெருகி, எண்ணிக்கை ரெண்டு மடங்கானதுக்கு 2022இல சர்வதேச விருது வந்திருக்கு. வண்டியில அடிபட்டு விலங்குகள் சாகுதுன்னு அதே வருஷத்திலிருந்து அந்த ரோட்டுல ராத்திரி போக்குவரத்துக்கும் தடை. அதனாலதான் அன்னைக்கு உங்களைப் பசியாறக்கூட சரியா விடாம விரட்டினோம். நம்ம அவசரத்துக்கு அந்தக் காடு ஓடாது. அதோட நேரத்துக்குத்தான் நாம நடக்கணும்.

கே.குடி இருக்கிற பிளிகிரி காடு 2011இல புலிகள் காப்பகம் ஆச்சு. பந்திப்பூர் 1973இல இந்தியா புலித் திட்டம் ஆரம்பிச்சப்பவே முதல் பட்டியல்ல இருந்த இடம், உலகத்துக்கே தெரியும். அதனால கூட்டமும் அங்கதான். பிளிகிரிக்கு அந்தப் பேர் இல்ல. நாங்க போன சாயங்காலம் நம்ம மூணு ஜீப்பைத் தவிர எதிர்ல வந்தது ஒரே ஒரு ஜீப்.

அங்க புலி ஏன் சுலபத்துல கண்ணுல படாதுன்னு ஜீப் ஓட்டுன அண்ணன் விளக்கினார். சாமராஜநகர் பக்கத்து ஆளு, தமிழ் நல்லாப் பேசினார். மலைக்காடு, ஏத்த இறக்கம், அதோட எங்க பார்த்தாலும் உன்னிச்செடிப் புதர். வெளிநாட்டுல இருந்து அழகுக்குக் கொண்டு வந்த செடி, இன்னைக்குக் காட்டையே மூடிக்கிட்டு இருக்கு. முன்னெல்லாம் அங்க வாழுற சோளகர் மக்கள் வருஷா வருஷம் தரையோட தரையா சின்னத் தீ போட்டுக் காட்டைச் சுத்தம் பண்ணுவாங்களாம். அதைத் தடை பண்ணின பிறகுதான் புதர் இப்படிப் பெருகிப் போச்சுன்னு அந்த மக்களே சொல்றாங்களாம். புதருக்குப் பின்னால பத்தடி தூரத்துல புலி படுத்திருந்தாலும் நமக்குத் தெரியாது.

நாங்க தொழிற்சாலையில முப்பது வருஷம். டார்கெட்டு பின்னால ஓடுனா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். நம்பர் வரும், பொருள் கெட்டுப் போகும். புலியைக் காட்டியே ஆகணும்னு நிக்கிற இடத்துலயும் அதுதான் நடக்கும். ஒரு ஜீப் புலியைப் பார்த்தா மத்த ஜீப் எல்லாம் அங்க ஓடும். வழி அடைபடும், ஆளுக்கு ஒரு போன் தூக்குவாங்க, புலி போக இடமில்லாம நிக்கும். காசு கொடுத்த நாமதான் அந்த ஓட்டுநரை விரட்டுறோம். அப்புறம் அவரைக் குறை சொல்றோம்.

கே.குடியில நாம என்னதான் பார்த்தோம்? கடமான், புள்ளிமான், ஒரு காட்டுமாட்டுக் கூட்டம். ஒத்தையா நின்ன யானை நம்மளைப் பார்த்துக் காதை ஆட்டிட்டு அது பாட்டுக்குப் போச்சு. செம்மண்ணுல புதுசா ஒரு புலித் தடம். ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். எங்கேயோ கடமான் ஒன்னு கத்துச்சு. புலி நடமாட்டம் தெரிஞ்சா அப்படித்தான் கத்துமாம். கால் மணி நேரம் யாரும் மூச்சு விடல. நம்ம குரூப்புல 22 பேரும் ஒன்னா வாயை மூடிக்கிட்டு இருந்ததை அன்னைக்குத்தான் பார்த்தோம், கோயில்ல தீபாராதனை நேரத்துல கூட பார்த்ததில்லை.

காலையில ரங்கநாதர் கோயில்ல அந்தப் பெரிய தோல் செருப்பைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கா? சாமி காட்டுல நடந்து நடந்து செருப்பு தேயுதுன்னு நம்பி, புதுச் செருப்பு செஞ்சு கொடுக்கிறாங்க. அந்தச் செருப்பால தலையில தட்டி ஆசீர்வாதம் வாங்கினோம். அவர் நடந்ததை யாராவது பார்த்தாங்களா? பார்க்கலன்னு யாராவது உண்டியல் காசைத் திருப்பிக் கேட்டோமா? சோளகர் மக்கள் அந்த ரங்கநாதரை மச்சான்னு உரிமையோட சொல்றாங்க, அவங்க வீட்டுப் பெண்ணைக் கட்டினவராம். காடு அவங்களுக்கு மாமன் மச்சான் வீடு. மச்சான் வீட்டுக்குப் போனா குடும்பத்துல எல்லாரையும் வரிசையா நிக்கச் சொல்லிப் படம் எடுக்க மாட்டோம். இருக்கிறவங்களைப் பார்த்துப் பேசிட்டு வருவோம்.

இனிமே சொல்லப் போறது எங்களுக்கே வெட்கமான விஷயம். திரும்பி வரும்போது நம்ம அக்கா ஒருத்தவங்க ஓட்டுநர்கிட்ட கேட்டாங்க, "தம்பி, இங்க நல்ல புலிநகம் எங்க கிடைக்கும்? பேரனுக்குத் தங்கத்துல கட்டிப் போடணும்." அவர் வண்டியை ஓரம் கட்டினார். சிரிப்பு போயிடுச்சு. "அம்மா, வெளியில இப்படிக் கேட்டுடாதீங்க, கேஸ் ஆயிடும்"ன்னார். 2023 அக்டோபர்ல கர்நாடகாவுல டிவி நிகழ்ச்சியில இருந்த ஒருத்தரையே கழுத்துல புலிநகம் தெரிஞ்சதுன்னு வனத்துறை வந்து பிடிச்சிட்டுப் போச்சாம். அக்காவைத் தப்பு சொல்லல. நம்ம தாத்தா பாட்டி காலத்திலிருந்து பயத்துக்கும் கண்திருஷ்டிக்கும் அதைப் போட்டவங்கதான் நாம.

அந்த நேரத்துல நாங்க ஒரு வார்த்தையும் பேசல. ஏன்னா எங்க வீட்டுச் சாமி அலமாரியில ஒன்னு இருக்கு. அப்பா தோட்டத்துல இருந்த காலத்துல வாங்கினது. அசலா போலியான்னுகூட எங்களுக்குத் தெரியாது. புலி தெரியலன்னு எங்களுக்கும் உள்ளுக்குள்ள வருத்தம்தான். அந்த வருத்தத்தோட வண்டியில உட்கார்ந்திருந்தப்பதான் உறைச்சது: புலியோட நகத்தை வீட்டுல பூட்டி வச்சிருக்கிறவன் புலி தெரியலன்னு குறைபட என்ன யோக்கியதை?

நம்ம நாட்டுக் கொடியெழுத்துச் சின்னத்துல ரெண்டு புலி நிக்குது. காட்டுல இருக்கிறது 150க்கும் குறைவுன்னு 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொல்லுது. பெரிய காரணம் கண்ணி. கம்பிக் கண்ணி வச்சுப் பிடிக்கிறாங்க, தோலுக்கும் எலும்புக்கும் பல்லுக்கும் நகத்துக்கும் விலை கிடைக்குதுன்னுதான் பிடிக்கிறாங்க. வாங்க ஆள் இருக்கிற வரைக்கும் கண்ணி இருக்கும். இங்கேயும் 2010 சட்டப்படி அது குற்றம். வீட்டுல இருக்கிறதை எப்படி ஒப்படைக்கிறதுன்னு பெர்ஹிலித்தான் ஆபிசுல போய்க் கேக்கப் போறோம். பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் போவோம்.

அதனால கூட்டத்துல நாங்க வைக்கப் போறது மூணு விஷயம்.

ஒன்னு: அடுத்த யாத்திரையிலும் கே.குடி இருக்கட்டும். "புலி பார்க்கப் போறோம்"னு சொல்லாம "காட்டைக் கும்பிடப் போறோம்"னு சொல்லிப் பேர் எடுப்போம். புலிதான் வேணும்னு நினைக்கிறவங்க தாராளமா தனியாப் போகலாம், வருத்தமில்லை.

ரெண்டு: வழியில குரங்குக்கு வாழைப்பழம் வீசினதும், பாட்டிலை ஜன்னல் வழியாப் போட்டதும் நம்ம வேன்ல நடந்துச்சு. யாருன்னு சொல்ல மாட்டோம். தண்ணிமலைத் தைப்பூசம் முடிஞ்சு மறுநாள் குப்பை அள்ளுற நமக்கு இது தெரிய வேணாமா? இனி ஆளுக்கு ஒரு துணிப்பை. கொண்டு போன குப்பை திரும்பி வரணும்.

மூணு: புலிநகம், புலிப்பல் எதையும் நம்ம ஆலயத்துல பூஜைக்கு வைக்கிறதில்லைன்னு நிர்வாகம் ஒரு அறிவிப்பு ஒட்டணும். பிள்ளைக்குப் பயம் போக அம்மன் மஞ்சக் கயிறு போதும். அதுக்கு மேல என்ன காவல் வேணும்?

அம்மனுக்குப் புலியும் சிங்கமும் வாகனம்னு வருஷா வருஷம் அலங்காரம் பண்றோம். மரத்துல செஞ்ச வாகனத்துக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிச்சுடலாம். காட்டுல இருக்கிறது போயிட்டா நம்மால செஞ்சு வைக்க முடியாது.

மாற்றுக் கருத்து இருந்தா கூட்டத்துக்கு வந்து நேர்ல சொல்லுங்க அண்ணன்மாரே, அக்காமாரே. தேநீரும் வடையும் எங்க உபயம்.

ஓம் சக்தி.
ஆலயத் தொண்டர்கள், சுங்கை பினாங்