பழைய லாண்ட் ரோவருக்கு எந்தக் கியர் ஒயில்?

அரசியலையும் ஊர் விவகாரங்களையும் எழுதிவரும் இப்பக்கத்தில் இன்று கியர் ஒயிலைப் பற்றி எழுதுகிறேன். முகம் சுளிக்கும் வாசகர்கள் பொறுத்தருள்க. வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு மட்டக்களப்பு வருவோர் சிலர், தந்தையார் விட்டுச்சென்ற பழைய லாண்ட் ரோவரைத் திருத்தி ஓடவைக்க விரும்புகிறார்கள். பெயின்ற் அடிப்பதற்கும் இருக்கை தைப்பதற்கும் இலட்சக்கணக்கில் செலவிடுவார்கள். கியர் ஒயில் என்று வந்ததும், கடைக்காரர் 'இதுதான் ஆகப் புதியது, ஆக உயர்ந்தது' என்று எடுத்துக் கொடுப்பதை வாங்கி ஊற்றிவிடுவார்கள். பழைய வண்டிக்கு ஆக உயர்ந்த ஒயில் ஆகப் பொருத்தமான ஒயிலாக இருக்கவேண்டியதில்லை என்பதே என் வாதம்.

இது வெறும் பொழுதுபோக்கு விவகாரமன்று. சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் எங்கள் வாவி, நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் வாகனங்கள் 'பாதை' ஏறித்தான் அக்கரை சேர்ந்தன. பாலம் வந்தபின்னும் மாரி மாறவில்லை. வடக்கே கிரான் புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கிப் போக்குவரத்து அறுபடுவது நாங்கள் பல தடவை செய்தியாக எழுதிய விடயம். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது, கார்கள் எட்டிப்பார்க்க முடியாத இடங்களுக்கு உழவு இயந்திரங்களும் உயரமான பழைய ஜீப்புகளுமே போய்வந்தன. நானும் அவற்றில் தொற்றிக்கொண்டு சென்று செய்தி சேகரித்தவன். வட்டைக்கு விதைநெல் கொண்டுபோவதற்கும் நோயாளியை வீதிக்குக் கொண்டுவருவதற்கும் அப்படியொரு வண்டி ஊரில் இருப்பது இன்றும் ஒரு பலம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும், வரிச்சுமையால் புதிய வண்டி சாதாரண விவசாயிக்கு எட்டாக்கனியே. இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும்.

லாண்ட் ரோவர் 1948இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. சீரிஸ் 1, 2, 3 என வழங்கும் வண்டிகள் 1985வரை உற்பத்தியாகின. அக்காலக் கையேடுகள் கியர் பொக்ஸ், ட்ரான்ஸ்பர் பொக்ஸ், அக்சில் எல்லாவற்றுக்கும் 'ஈ.பீ. 90' என்று ஒரே ஒயிலைச் சொல்லி முடித்துக்கொண்டன. 90 என்பது ஒயிலின் தடிப்பைக் குறிக்கும் எண். ஈ.பீ. என்பது, பற்கள் ஒன்றையொன்று கடுமையாக அழுத்தும்போது உலோகத்தைக் காக்கும் கந்தக, பொஸ்பரஸ் சேர்மங்கள் கலந்தது என்பதற்கான அடையாளம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் வகைப்பாட்டில் ஜீ.எல். 4, ஜீ.எல். 5 என இரு தரங்கள் உள்ளன. 'ஈ.பீ. 90' என்ற பெயரில் இரண்டுமே விற்பனையாகின்றன. ஜீ.எல். 5இல் அந்தச் சேர்மங்கள் ஏறத்தாழ இரு மடங்கு. ஐந்து நான்கைவிடப் பெரிது, ஆகவே சிறந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஜீ.எல். 5 ஹைபொயிட் எனப்படும் பல்லமைப்புக்காக உருவானது. அதில் பற்கள் உருளுவதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் செல்வதால் கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படுகிறது.

சீரிஸ் வண்டியின் கியர் பொக்ஸ் வேறு சாதி. அதனுள்ளே வெண்கலப் புஷ்களும் சிங்க்ரோ பாகங்களும் இருக்கின்றன. கடுமையான சேர்மங்கள் மென்மையான இந்த மஞ்சள் உலோகத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடக்கூடும். இக்காலத்து ஜீ.எல். 5 ஒயில்கள் சிலவற்றில் இந்த அரிப்பு வெகுவாகக் குறைக்கப்பட்டிருப்பது உண்மை. ஆயினும் தகரத்தில் அவ்வாறு தெளிவாக எழுதியிராதபோது துணிந்து பரிசோதனை செய்வானேன்? சிங்க்ரோ தேய்ந்து, கியர் மாற்றும்போது பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்ட பிறகு, எந்த ஒயிலை ஊற்றினாலும் போன உலோகம் திரும்பி வராது.

ஆகவே என் தெரிவு இதுதான். கியர் பொக்ஸுக்கு ஜீ.எல். 4 தரத்து 90 அல்லது 80 டபிள்யூ 90. இவற்றில் 80 டபிள்யூ என்பது குளிர்தேசத்துக் காலைகளுக்கான ஏற்பாடு. உறைபனி அறியாத எங்கள் கரையில் தனி 90 போதும். ட்ரான்ஸ்பர் பொக்ஸுக்கும் அதையே ஊற்றுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள சீல் பழுதானால் ஒன்றின் ஒயில் மற்றதற்குள் இறங்கும். ஒரே ஒயிலாக இருந்தால் கலப்பால் கேடில்லை. சாதாரண ரோவர் அக்சிலுக்கும் ஜீ.எல். 4 போதுமானது. விதிவிலக்கு ஒன்றுண்டு. 109 அங்குல நீள வண்டிகளில், குறிப்பாக சீரிஸ் 3இல், பின்புற அக்சில் சோல்ஸ்பரி வகையாக இருக்கும். அது ஹைபொயிட், அதற்கு ஜீ.எல். 5தான் வேண்டும். பின்பக்கத்தில் போல்ற் பூட்டிய மூடி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் இனம் தெரிந்துவிடும்.

தேய்ந்த கியர் பொக்ஸின் இரைச்சலை அடக்க 140 ஊற்றும் வழக்கமும் உண்டு. அது நோயை விட்டுவிட்டு இருமலை மட்டும் அடக்குவது. விற்கப்போகிறவருக்கு அது உதவலாம், வாங்கி ஓடுபவருக்கு உதவாது.

கணக்கையும் பார்ப்போம். கியர் பொக்ஸுக்கு ஒன்றரை லீற்றர், ட்ரான்ஸ்பர் பொக்ஸுக்கு இரண்டரை, இரண்டு அக்சில்களுக்கும் தலா ஒன்றேமுக்கால், முன் சக்கரங்களின் சுவிவல் உருண்டைகளுக்குத் தலா அரை லீற்றர். மொத்தம் எட்டரை லீற்றர். ஒரு கியர் பொக்ஸைப் பிரித்துத் திருத்தும் செலவோடு ஒப்பிட்டால் இது கைச்செலவு.

இவ்வளவும் ஒயிலின் வகை பற்றியது. வாவிக்கரையில் அதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். ஓடிச் சூடேறிய அக்சில் வெள்ளத்துக்குள் இறங்கும்போது சட்டெனக் குளிர்கிறது. உள்ளேயுள்ள காற்றுச் சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகவும் மூச்சுக்குழல் வழியாகவும் நீரை உள்ளிழுக்கிறது. வாவியோர நீரில் உவர்ப்பும் சேர்ந்திருந்தால் பெயாரிங்குகள் விரைவில் துருப்பிடிக்கும். எவ்வளவு விலையுயர்ந்த ஒயிலும் தண்ணீர் கலந்த பின் ஒயில் அன்று.

எனவே வெள்ளத்தில் இறங்கி வந்த வண்டியை ஓரிரவு அசையாமல் நிறுத்திவையுங்கள். மறுநாள் காலையில் முதலில் ஒயில் ஊற்றும் வாயின் நட்டைத் திறந்து பாருங்கள். அது திறக்காவிட்டால், வடித்த பிறகு ஊற்ற வழியிராது. பிறகு அடியிலுள்ள ட்ரெயின் நட்டைச் சற்றே இளக்குங்கள். நீர் ஒயிலைவிடக் கனமானது. இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தால் கஞ்சத்தனம் பாராமல் முழுவதையும் மாற்றுங்கள். பொன்னிறத் துகள்கள் மினுங்கினால் வெண்கலம் தேய்கிறது என்று பொருள். வெள்ளத்துக்கு முன் கிளச் வீட்டின் அடித்துளையில் பூட்டும் நட்டைத் திரும்பிவந்ததும் கழற்ற மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் கசியும் ஒயில் உள்ளே தேங்கிக் கிளச்சைக் கெடுத்துவிடும்.

வடித்த ஒயில் எங்கே போகிறது என்பதும் உரிமையாளரின் பொறுப்பே. வீட்டு முற்றத்தில் ஊற்றினால் அது கிணற்றுக்குப் போகும். கான் வழியே விட்டால் மீனும் இறாலும் வளரும் வாவிக்குப் போகும். கொள்கலனில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் கராஜில் கொடுப்பது பெரிய சிரமமன்று.

எங்கள் ஊர் மூத்த மெக்கானிக்குகள் இவற்றையெல்லாம் தகரத்தின் எழுத்தை வாசித்துக் கற்றவர்கள் அல்லர். வடித்த ஒயிலை விரலில் தேய்த்து, முகர்ந்து, நிறம் பார்த்துச் சொல்வார்கள். அந்தத் தலைமுறை அருகி வருகிறது. அவர்களிடம் வண்டியை விட்டுவிட்டுப் போகாமல், பக்கத்தில் நின்று பார்த்து, கேட்டு, எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயில், எந்தத் திகதியில், எந்த வெள்ளத்துக்குப் பின் மாற்றியது என்ற ஒரு சிறு கொப்பி வண்டியில் இருக்கட்டும். அடுத்து அதை ஓட்டப்போகிறவருக்கு நீங்கள் விட்டுச்செல்லும் பயனுள்ள முதுசம் அதுவாகவே இருக்கும்.