வீட்டுக் கணிப்பொறிக்கும் பூட்டு வேண்டாமா?

எங்கள் ஆஸ்டின் டவுனில் வாசல் கதவைப் பூட்டாமல் யாரும் வெளியே போவதில்லை. வங்கிக் கணக்குப் பார்க்கும் கணிப்பொறிதான் திறந்தே கிடக்கிறது.

விண்டோஸ் புரொஃபஷனலில் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி' என்றொரு பக்கம் உண்டு. கடவுச்சொல்லின் குறைந்தபட்ச நீளம், எத்தனை முறை தவறினால் பூட்டுவது போன்ற விதிகளை அங்கே அமைக்கலாம். தனிக் கணிப்பொறியில் அந்த நீளம் 0 என்றே வரும்! புதிதாக நிறுவும் விண்டோஸ் 11, 2022 முதல், 10 முறை தவறினால் 10 நிமிடம் பூட்டிக்கொள்கிறது.

வீட்டுக்கென்று விற்கும் 'ஹோம்' பதிப்பில் அந்தப் பக்கமே இல்லை. 'நெட் அக்கவுண்ட்ஸ்' என்று கட்டளை தட்ட வேண்டும். அலுவலகத்துக்குக் கொடுத்த சாவியை வீட்டாருக்கு ஒளிப்பது என்ன நியாயம் என்று கேட்கிறேன். அதுவரை, விவரம் தெரிந்த நம் இளைஞர்கள் அண்டை வீட்டாருக்கு இதை அமைத்துக் கொடுக்கலாமே! அதுவும் தமிழ்ப்பணிதான்.