விருந்தினரை அறிதலும் வேவு பார்த்தலும்

வந்த விருந்தினரிடம், "காரம் ஆகுமா? இனிப்பு ஆகுமா?" என வினவுதல் பரிவு. அவர்தம் உடைமைகளையெல்லாம் ஏட்டில் குறித்து வைத்துக்கொள்ளுதல் பரிவன்று, வேவு. இணையத்தளங்கள் பல இவ்விரண்டையும் ஒருசேரச் செய்து வருகின்றன.

நாம் ஒரு தளத்தைத் திறக்குங்கால், நம் உலாவி தன் பெயரையும் பதிப்பையும் விரும்பும் மொழியையும் தானே அறிவித்துவிடுகிறது. திரையின் அளவு, நேர வலயம், கணினியில் உள்ள எழுத்துருக்கள் முதலியவற்றையும் தளம் உய்த்துணர இயலும். கைப்பேசியின் சிறு திரைக்கேற்பப் பக்கத்தை ஒழுங்கு செய்ய இவற்றுட் சில தேவையே. ஆனால், அனைத்தையும் ஒன்றுசேர்த்துப் பதிந்தால் கைரேகை போன்றதோர் அடையாளம் கிடைத்துவிடுகிறது. 2010-ஆம் ஆண்டில் பீட்டர் எக்கர்ஸ்லி என்பார் 4,70,161 உலாவிப் பதிவுகளை ஆராய்ந்தார். அவற்றுள் 83.6 விழுக்காடு, பிறிதொன்றோடு ஒவ்வாத் தனித்தன்மை உடையனவாயிருந்தன. ஆளை மிகுதியும் காட்டிக்கொடுத்தவற்றுள் எழுத்துருப் பட்டியலும் ஒன்று. தமிழ் எழுத்துருக்களைத் தேடி நிறுவிய ஆர்வலர், அவ்வார்வத்தாலேயே கூட்டத்தில் தனித்துத் தெரியக்கூடும்!

குக்கிகளை நாமே அழித்துவிடலாம். இவ்வடையாளத்தை மாற்றுவதோ எளிதன்று. அது எடுக்கப்படுவதையே பெரும்பாலோர் அறியார்.

பிறரைத் துருவி ஆராய்வதை இஸ்லாம் தடுக்கிறது; ஒப்படைக்கப்பட்டதை அமானிதமாகக் காக்கப் பணிக்கிறது. வருகையாளர் விவரமும் அமானிதமே. நாளை தளம் அமைக்கவிருக்கும் நம் மாணவச் செல்வங்கள் தேவைக்கு மட்டும் கேட்கட்டும். தேவை முடிந்ததும் அழித்துவிடட்டும். அறிவோடு அடக்கமும் சேர்வதே கல்வி.